மறு: கலை ஆய்வில் எல்லோரும் 'இல்லை' என்கிறார்கள், என்ன செய்வது?

செய்யாறு பக்கம் 60 பேரிடம் 'கலைகளில் பங்கேற்கிறீர்களா?' என்று கேட்டு, 50 பேர் இல்லை என்றதால் ஆய்வேடு வீணாகுமோ என்று எழுதியிருந்தீர்கள். வீணாகாது. கேள்வியை மாற்றுங்கள்.

'கலை' என்றதும் நம் மக்களுக்குச் சபா கச்சேரிதான் நினைவுக்கு வரும். நானும் ஒருமுறை அப்படித்தான் கேட்டேன். இல்லை என்ற அக்காவின் விரல்களில் கோலமாவு காயவே இல்லை. வாசலில் 21 புள்ளிக் கோலம்.

அமெரிக்காவில் 1982 முதல் நடக்கும் கலைப் பங்கேற்புக் கணக்கெடுப்பில், 'கடந்த 12 மாதங்களில்' ஜாஸ், ஓபரா, பாலே, நாடகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அந்த முதன்மைப் பட்டியலில் ஒன்றுக்காவது போனவர்கள் 1982இல் 39 சதவீதம், 2008இல் 34.6. ஆனால் பட்டியலில் இல்லாத கலை அந்தக் கணக்கில் வராது. அதனால் உங்கள் பட்டியலை ஊரிலிருந்தே எடுங்கள்: 'போன திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்து பார்த்தீர்களா, எத்தனை இரவு?' பம்பை, பஜனை, கும்மி, கோலம் எல்லாம் வரட்டும். பார்ப்பதையும் செய்வதையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அப்புறம், பழைய பதில்களைத் தூக்கிப் போடாதீர்கள். அதே 50 பேரிடம் திரும்பப் போங்கள். இரண்டு பதில்களுக்கும் நடுவிலுள்ள வித்தியாசமே நல்ல அத்தியாயம். புதிய கேள்வித்தாளை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.