கிளிக் ஒன்று, பதிவு இரண்டு

வணக்கம்.

பகலில் டாலி மென்பொருளில் கணக்கு வேலை, இரவில் இரண்டு மணி நேரம் வாலரன்ட் என்ற துப்பாக்கிச் சுடும் விளையாட்டு. இரண்டுக்கும் ஒரே மவுஸ்தான். ஒன்றரை வருடத்துக்கு முன் வாங்கிய கேமிங் மவுஸில் இப்போது ஒருமுறை அழுத்தினால் இரண்டு கிளிக் விழுகிறது. ஃபைலை இழுத்துக்கொண்டு போனால் நடுவழியில் நழுவிவிடுகிறது. பெட்டியில் என்னவோ 2 கோடி கிளிக் தாங்கும் என்று போட்டிருந்தது! போதாததற்கு, மாலையானால் மோதிர விரலும் கட்டை விரலின் அடியும் வலிக்கின்றன. என் கை, நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை 19.5 செ.மீ. மவுஸ் 11.6 செ.மீ. மவுஸின் நீளம் கையில் 60 சதவீதம் இருந்தால் போதும் என்று எங்கோ படித்துத்தான் வாங்கினேன். அடுத்ததாக 26,000 டிபிஐ (மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் கர்சர் எத்தனை புள்ளி நகரும் என்ற அளவு), உடம்பெல்லாம் ஓட்டை போட்டு எடை குறைத்த ஒயர்லெஸ் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைகளில் ஒன்றுக்குக்கூட டிபிஐயிலும் ஓட்டையிலும் மருந்து இல்லை.

முதலில் அந்த 2 கோடி. நாளொன்றுக்கு 5,000 கிளிக் என்று தாராளமாக வைத்தாலும் ஒன்றரை வருடத்தில் சுமார் 27 லட்சம்தான் ஆகிறது. ஏழில் ஒரு பங்குகூட இல்லை. பெட்டி முழுப் பொய் சொல்கிறது என்றும் சொல்ல முடியாது. சோதனைக்கூடத்தில் இயந்திரம் ஒரே சீராகத் தட்டும்போது சுவிட்ச் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு அது. உங்கள் வீட்டின் வியர்வையும் தூசியும் அதில் சேரவில்லை.

இடது பொத்தானுக்குக் கீழே ஒன்றேகால் செ.மீ. நீளத்தில் ஒரு சின்ன டப்பி இருக்கும். மைக்ரோ சுவிட்ச் என்பது அதுதான். உள்ளே வளைந்த மெல்லிய செப்புக் கலவைத் தகடு. அழுத்தினால் 'டிக்'கென்று புரண்டு எதிர்முனையைத் தொடும். தொட்டதும் ஒட்டிக்கொள்ளாது. தரையில் போட்ட கோலிக்குண்டு மாதிரி சில மில்லி நொடிகள் துள்ளும். இந்தத் துள்ளலை எண்ணாமல் விடுவதற்காக மவுஸுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்கிறது. அதற்குப் பெயர் டிபவுன்ஸ். முனை தேய்ந்து, மேலே படலம் படிந்து, தகடும் தளர்ந்தால் துள்ளல் நீளும். மவுஸ் கண்ணைத் திறந்த பிறகும் துள்ளினால், அது இரண்டாவது கிளிக். பிடித்து இழுக்கும்போது தொடர்பு ஒரு கணம் விட்டுப்போனால், கையை எடுத்துவிட்டீர்கள் என்று நினைத்து ஃபைலைக் கீழே போட்டுவிடும். வேகம் காட்டுவதற்காகக் கேமிங் மவுஸ்களில் டிபவுன்ஸ் நேரத்தைக் குறைத்து வைப்பார்கள். அதனால் அதே சுவிட்ச் ஆபீஸ் மவுஸில் இருந்தால் மறைந்து கிடக்கும் நோய், இங்கே சீக்கிரம் வெளியே தெரிகிறது.

உங்கள் மவுஸின் மென்பொருளில் டிபவுன்ஸ் டைம் என்று ஒரு அமைப்பு இருக்கிறதா பாருங்கள். எல்லா நிறுவனமும் தருவதில்லை. இருந்தால் 2 அல்லது 4 மில்லி நொடியிலிருந்து 10, 12க்கு ஏற்றுங்கள். சில மாதம் ஓட்டலாம். விளையாட்டில் வித்தியாசம் தெரியாது, டாலியில் கேட்கவே வேண்டாம்.

புதிதாக வாங்கும்போது ஆப்டிகல் சுவிட்ச் உள்ளதாகக் கேளுங்கள். மவுஸின் அசைவைப் பார்க்கும் சென்சார் எப்படியும் ஆப்டிகல்தான். கடைக்காரர் அதைச் சொல்லித் தலையாட்டுவார், விட்டுவிடாதீர்கள். ஆப்டிகல் சுவிட்சில் பொத்தான் ஒரு அகச்சிவப்புக் கதிரைத் திறந்து மூடுகிறது. சிக்னல் தருவது உலோக முனை இல்லை என்பதால் துள்ளலால் வரும் இரட்டைக் கிளிக் கிடையாது. சிலருக்கு அழுத்தும் உணர்வு கொஞ்சம் வெற்றாகத் தோன்றும். பழகிவிடும்.

இனி வலி. 60 சதவீதக் கணக்கு, விரல்களைப் பருந்தின் கால்நகம் போல மடக்கிப் பிடிப்பவர்களுக்கு ஓரளவு பொருந்தும். உங்களுக்கு அது சரிப்படுமா என்று இப்போதே பார்த்துவிடலாம். வழக்கம்போல மவுஸைப் பிடித்து, அப்படியே கையை அசைக்காமல் நிறுத்துங்கள். உள்ளங்கைக்கும் மவுஸின் பின் மேட்டுக்கும் நடுவே ஒரு பென்சில் புகுகிறதா? நீங்கள் மடக்கிப் பிடிக்காதவராக இருந்து பென்சிலும் புகுந்தால், கையின் பாரத்தை மவுஸ் தாங்கவில்லை. கட்டை விரலும் மோதிர விரலும் இடுக்கி போல நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. விளையாட்டில் மவுஸைத் தூக்கித் தூக்கி வைப்பதும் அதே இரண்டு விரல்கள்தான். வலிக்காமல் என்ன செய்யும்?

உள்ளங்கை படியப் பிடிக்கும் 19.5 செ.மீ. கைக்கு 12.5 செ.மீ.யை ஒட்டிய நீளம், 42 முதல் 44 மி.மீ. உயரம், வலப்பக்கம் சரிந்த வடிவம் வேண்டும். நீளத்தைவிட உயரத்தை முதலில் பாருங்கள், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ரேசர் நிறுவனம் 2006இல் கொண்டுவந்த டெத்ஆடர் மவுஸின் வடிவம் இந்த அளவுக்குள் வருகிறது. ஆனால் அதில் விலை குறைந்த எசென்ஷியல் மாடலில் இருப்பது மெக்கானிக்கல், அதாவது உலோகத் தகடு சுவிட்ச். ஆப்டிகல் வேண்டுமென்றால் டெத்ஆடர் வி2 அல்லது வி3. முழங்கை மேசை மட்டத்தில் இருக்கட்டும். விரல் மரத்துப்போனால் மவுஸை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

26,000 டிபிஐயில் மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் 1920 பிக்சல் அகலத் திரையைப் பதின்மூன்று முறை தாண்டும். யாருக்கு அது வேண்டும்? 800 வையுங்கள், ஆறு செ.மீ. நகர்த்தலில் திரை முடிந்துவிடும்.

மேலுறையில் ரப்பர் பூச்சு வேண்டவே வேண்டாம். தொட மெத்தென்றிருக்கும். வெயிலிலும் ஈரக்காற்றிலும் பூச்சு சிதைந்து, இரண்டு மூன்று வருடத்தில் வெல்லப்பாகு போலக் கையில் ஒட்டும். சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக் நல்லது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஓட்டை போட்ட உடம்பில் தூசியும் முடியும் உள்ளே போகும். சக்கரம் சுழல்வதை எண்ணும் பாகமான என்கோடரில் தூசி சேர்ந்தால் கீழே உருட்டும்போது பக்கம் மேலே குதிக்கும். நீளமான வவுச்சர் பட்டியலில் அது எவ்வளவு எரிச்சல் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒயர்லெஸ்தான் வேண்டுமென்றால் புளூடூத்தில் விளையாடாதீர்கள், மவுஸோடு வரும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் டாங்கிளை, அதாவது யுஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவரைப் பயன்படுத்துங்கள். அதை யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகினால் அங்கிருந்து வரும் இரைச்சல் இதே அலைவரிசையில் குறுக்கிடும், கர்சர் திக்கும். எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு டாங்கிளை மவுஸ் பேடுக்கு அருகே கொண்டுவந்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், பழைய பில்லைத் தேடி எடுங்கள். பெரிய நிறுவனங்கள் பல 2 வருட உத்தரவாதம் தருகின்றன. உங்களுடையதும் அப்படியானால் இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. இரட்டைக் கிளிக் விழுவதை வீடியோ எடுத்து அனுப்புங்கள். உத்தரவாதம் முடியும்வரை மவுஸைத் திறக்காதீர்கள். திருகுகள் அடியில் உள்ள வழுக்குப் பட்டைகளுக்குள் ஒளிந்திருக்கும், பட்டையை உரித்த அடையாளம் தெரிந்தால் மறுத்துவிடலாம். உத்தரவாதம் முடிந்திருந்தால் மட்டும் செல்போன் சர்வீஸ் கடையில் கொடுத்து சுவிட்சை மாற்றச் சொல்லுங்கள். சுவிட்சுக்கு மூன்று கால்கள்தான், அவற்றைச் சால்டரிங் செய்யும் வேலை. இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், உரித்த பட்டைக்குப் பதில் புதுப் பட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.