கடை நேரம்

அன்புள்ள அண்ணா,

நான் போச்சம்பள்ளி. பஸ் ஸ்டாண்டுகிட்ட அப்பா கடை, காலையிலயும் சாயங்காலமும் நான்தான் உக்கார்றேன். பேப்பர், பிஸ்கட், பீடி, ரீசார்ஜ் எல்லாம் உண்டு. ஐசக் அசிமோவ்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர் 500 புத்தகம் எழுதினார்னு ஒரு வீடியோவுல பாத்தேன். நான் ஒரே ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் கதை, மண்டியில மாங்கா தரம் பிரிச்சு எடை போடற ரோபோ பத்தி, மூணு பக்கம் எழுதினது ஆறு மாசமா அப்படியே கெடக்கு. எடை போடற எடத்துலயே நிக்குது, நகரல. கடையில உக்காந்தா நாலு வரிக்குள்ள யாராவது வந்துடறாங்க, ஞாயித்துக்கிழமை சந்தைன்னா கேக்கவே வேணாம். அவர் மட்டும் எப்படிண்ணா எழுதினார்? வேற வேலையே இல்லாத ஆளா?

ம., போச்சம்பள்ளி

தம்பி,

கடைசிக் கேள்விய மொதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா அதப் படிச்சப்ப சிரிப்பு வந்துடுச்சு. அசிமோவ் உங்கள மாதிரியே கடையில வளந்த பையன். 1920ல ரஷ்யாவுல பெட்ரோவிச்சிங்கற ஊர்ல பொறந்து, மூணு வயசுல அப்பா அம்மாவோட அமெரிக்கா வந்து, நியூயார்க்ல ப்ரூக்ளின் பக்கம் வளந்தவரு. 1926ல அவங்கப்பா ஒரு மிட்டாய்க் கடை வாங்கினார். மிட்டாய்ங்கறது பேருக்குத்தான், பேப்பர், சிகரெட், சோடா, கதைப் பத்திரிகைன்னு எல்லாம் விக்கும், நம்ம பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைக்கு பெரியண்ணன்னு வச்சுக்கங்க. காலையில 6 மணிக்குத் தொறந்தா ராத்திரி 1 மணிக்குத்தான் மூடுவாங்க, வாரத்துல ஏழு நாளும். பையன் விடியக்காலம் எழுந்து பேப்பர் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போவான், வந்ததும் மறுபடி கடை. லேட்டா எழுந்தா சோம்பேறின்னு திட்டு. அப்பாங்க எல்லா ஊர்லயும் ஒரே அச்சுதான் போல.

அந்தக் கடையில தொங்கின பத்திரிகைங்கள பல்ப்னு சொல்வாங்க. நம்ம கிருஷ்ணகிரியில பல்ப்னா மாங்கூழ், ஃபேக்டரி வாசல்ல வரிசையா நிக்கிற லாரி, அவ்ளோதான். அங்க பல்ப்னா மரக்கூழ்ல செஞ்ச மட்டக் காகிதம், அதுல அச்சடிச்ச மலிவுக் கதைங்க. அதெல்லாம் குப்பைன்னு அப்பா தொடவே விடல. 1929ல ஒரு புதுப் பத்திரிகை வருது, அதோட பேர்லயே சயின்ஸ்னு ஒரு வார்த்தை இருக்கு, பையன் அதக் காட்டி இது படிப்பு சம்பந்தப்பட்டதுப்பான்னு சொல்லி பர்மிஷன் வாங்கிட்டான். படிச்சிட்டு கசங்காம மடங்காம திரும்ப ஸ்டாண்டுல வைக்கணும், அதை வேற ஒருத்தர் காசு குடுத்து வாங்கணுமில்ல. ஓசியில, பயந்து பயந்து, வியாபாரத்துக்கு நடுவுல படிச்ச படிப்பு அது.

1938ல, 18 வயசுல, மொத கதைய எழுதி முடிச்சிட்டு தபால்ல அனுப்பலாமான்னு யோசிக்கிறப்ப, நேர்லயே போய்க் குடுன்னு அப்பாதான் சொன்னார். அதே அப்பா! பூமிக்கடியில ஓடற சப்வே ட்ரெயின் புடிச்சு ஜான் கேம்பெல்ங்கற எடிட்டரப் பாக்கப் போனா அந்த மனுஷன் ஒரு மணி நேரத்துக்கு மேல உக்கார வச்சுப் பேசி அனுப்பிட்டு, கொஞ்ச நாள்லயே கதைய ரிஜெக்ட் பண்ணிட்டார். ஆனா என்ன குறைன்னு வெவரமா எழுதி அனுப்பினார், அதான் முக்கியம். எழுதினதுல மூணாவது கதைதான் மொதல்ல வித்துச்சு, வேற பத்திரிகைக்கு, வார்த்தைக்கு ஒரு சென்ட், மொத்தம் 64 டாலர்.

அதுக்கப்புறம் கொலம்பியா யுனிவர்சிட்டியில கெமிஸ்ட்ரி படிச்சு 1948ல டாக்டர் பட்டம், அடுத்த வருஷம் பாஸ்டன்ல மெடிக்கல் காலேஜ் வாத்தியார் வேலை. 1958ல சம்பளத்தை விட்டுட்டு முழுநேர எழுத்துக்கு வந்துட்டார்.

இப்ப அந்த 500. வீடியோக்காரங்க சொல்ல மாட்டாங்க, அதுல நெறைய மத்தவங்க கதைகளத் தொகுத்த புத்தகம், சேந்து எழுதினதும் உண்டு, மிச்சத்துலயும் சயின்ஸ் ஃபிக்‌ஷன் பாதிகூட வராது. ரஷ்யாக்காரன் 1957ல ஸ்புட்னிக்ங்கற மொத செயற்கைக்கோள விட்டதும் அமெரிக்காவுல எல்லாரும் சயின்ஸ் சயின்ஸ்னு அலைய, இவர் ஜனங்களுக்குப் புரியற மாதிரி அறிவியல் எழுத உக்காந்துட்டார், கூடவே பைபிளுக்கு, ஷேக்ஸ்பியருக்குன்னு வழிகாட்டிப் புத்தகம். ஒரே பத்திரிகையில மட்டும் மாசம் ஒண்ணுன்னு 399 கட்டுரை. மொத புத்தகம் 1950, நூறாவது 1969, இருநூறு 1979, முந்நூறு 1984. கணக்கப் பாருங்க, வயசாக ஆக வேகம் ஏறுது, நமக்கெல்லாம் முப்பதுலயே இடுப்பு வலி.

எப்படின்னா, அவரே எழுதியிருக்கார், கடை நேரத்தை வாழ்க்கை பூரா விடலன்னு. லீவு நாள்லயும் விடியக்காலம் எழுந்து டைப்ரைட்டர் முன்னாடி உக்காந்துடுவார். மூடு வருதான்னு பாக்கறதில்ல, கடைக்காரனுக்கு ஏது மூடு, ஷட்டரத் தூக்கித்தான ஆகணும். இன்னொண்ணு கேளுங்க, சின்ன வயசுல அவருக்கு ஒரு ஆசை, சப்வே ஸ்டேஷனுக்குள்ள ஒரு பேப்பர் கடை வச்சுக்கிட்டு, ட்ரெயின் ஓடற சத்தம் கேட்டுக்கிட்டே படுத்துப் படிக்கணும்னு. ஜன்னல் இல்லாத ரூம்தான் புடிக்கும், ஃப்ளைட்டுன்னா பயம், வாழ்க்கையில ரெண்டே தடவைதான் ஏறியிருக்கார். கதையில கேலக்ஸி முழுக்க சாம்ராஜ்யம் கட்டின ஆளு!

நான் இதுக்கு நேர் எதிர். அமைதி வேணும்னு ராயக்கோட்டை ரோடுல ஒரு ரூம் வாடகைக்கு எடுத்தேன், ஒரு வருஷத்துல எழுதினது நாலு பக்கம், அதுல ரெண்டு பக்கம் ரூம் ஓனருக்கு எழுதின லெட்டர். அதனால கடையில முடியலன்னு நீங்க சொல்றத நான் நம்பல தம்பி, கோவிச்சுக்காதீங்க. போன்ல ரீல்ஸ் எத்தன பாக்கறீங்கன்னு நான் கேக்கல.

அதுக்காக அவரத் தூக்கி சாமி ரூம்ல வச்சிடாதீங்க. வேகமா எழுதினது பல எடத்துல தெரியும், ஆளுங்க பேசிக்கிட்டே இருப்பாங்க, ஒரு மரம் செடி கண்ணுல படாது, மொத கதைகள்ல பொம்பளைங்களே அபூர்வம். நேர்லயோ இன்னும் மோசம், மாநாடுகளுக்கு வர்ற பொண்ணுங்கள அவங்க சம்மதம் இல்லாம தொடற பழக்கம் இருந்துச்சு, அப்ப அத ஜோக்குன்னு சிரிச்சுட்டு விட்டுட்டாங்க. எனக்கு அது சிரிப்பா இல்ல.

சாவும் கொடுமை. 1983 பைபாஸ் ஆபரேஷன்ல ஏத்தின ரத்தத்துல எச்ஐவி வந்து 1992ல செத்தார், அந்தக் காரணம் 2002லதான் வெளிய வந்துச்சு.

இப்ப உங்க ரோபோ. அது நிக்கிறதுக்குக் காரணம் கடைக்கு வர்ற ஆளுங்க இல்ல. அசிமோவோட ரோபோ விதி மூணு தெரியுமில்ல, மனுசனுக்கு கெடுதல் பண்ணாத, மனுசன் சொன்னத கேளு, உன்னையும் காப்பாத்திக்க. 1942ல வந்த ஒரு கதையில ரோபோ ஒண்ணு ரெண்டாவது விதிக்கும் மூணாவது விதிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு புதன் கிரகத்துல சுத்திச் சுத்தி ஓடும், கதையே அந்தச் சிக்கல்தான். உங்க ரோபோவுக்கு சிக்கலே குடுக்கல நீங்க. மண்டிக்காரர் கிலோவுக்கு அம்பது கிராம் கொறச்சுப் போடச் சொல்றார்னு வைங்க. அவரும் மனுசன்தான், சொன்னா கேக்கணும். எதுத்தாப்ல பர்கூர்லேருந்து டெம்போவுல காய் கொண்டாந்த விவசாயி. அம்பது கிராம் கெடுதலா இல்லையா? அசிமோவ் 1941லயே மனசு நோகறதும் கெடுதல்தான்னு ஒரு ரோபோவ நம்ப வச்சு அதப் பைத்தியமாக்கினவர்.

தராசு முள்ளு நடுவுல ஆடிக்கிட்டே இருக்கட்டும், விவசாயி பாத்துக்கிட்டே நிக்கட்டும், அங்கேருந்து நாலாவது பக்கத்த ஆரம்பிங்க. மாங்கா சீசனுக்குள்ள அனுப்புங்க. அப்பாவக் கேட்டதா சொல்லுங்க.