வாசகர் கேள்வி: நாணயச் சேகரிப்புக்கு எதிர்காலம் உண்டா?

கேள்வி: பணப் பரிமாற்றம் கைபேசிக்கு மாறிவரும் காலத்தில், நாணயம் சேகரிக்கும் பழக்கம் அடுத்த தலைமுறையிலும் நீடிக்குமா?

பதில்: நீடிக்கும், ஆனால் அதற்குள் நுழையும் வழி மாறும். இதுவரை பலர் சில்லறையில் தற்செயலாகக் கிடைத்த காசிலிருந்துதான் சேகரிப்பைத் தொடங்கினர். அமெரிக்கா 1999 முதல் 2008 வரை தன் 50 மாநிலங்களுக்கும் தனித்தனி வடிவில் கால் டாலர் நாணயங்களை வெளியிட்டபோது, அதுவரை இதில் நாட்டமில்லாதவர்களும் சேகரிக்க முற்பட்டதற்கு, அவை புழக்கத்திலேயே கிடைத்தது முக்கியக் காரணம். சில்லறை குறையக் குறைய அந்த வாய்ப்பும் குறையும்.

புழக்கம் நின்றாலே விலை ஏறிவிடும் என்று எண்ண வேண்டாம். கனடா 2012-இல் ஒரு சென்ட் நாணயம் தயாரிப்பதை நிறுத்தியது. கோடிக்கணக்கில் வார்க்கப்பட்ட காசு அதனால் அரிதாகிவிடவில்லை. நாணயச் சாலைகள் சேகரிப்பாளர்களுக்கென்றே வெளியிடும் நினைவு நாணயங்கள் அழகானவைதாம். எனினும் பலர் கைபட்டுத் தேய்ந்த காசுக்குள்ள சுவை அவற்றில் இல்லை என்பது என் எண்ணம்.

இணைய ஏலங்களால் தொலைதூர நாணயங்களும் எட்டும் நிலைக்கு வந்துள்ளன. போலிகளும் உடன் வருகின்றன. ஆகவே, ஒரு காலத்தையோ ஒரு அரசையோ தேர்ந்து, அதன் நாணயங்களின் எடை, விட்டம், உலோகம் ஆகியவற்றை முதலில் அறிந்துகொண்டு, அதன் பிறகே வாங்கத் தொடங்குங்கள்.