ஏப்ரலில் ஜப்பான் பள்ளியில் வேலை: முதலில் முகவரி, அப்புறம்தான் மற்றதெல்லாம்

கேள்வி: ஜப்பானில் ஒரு சிற்றூர் நடுநிலைப் பள்ளியில் உதவி ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. ஏப்ரலில் சேர வேண்டும். ஜப்பானிய மொழி வணக்கம் சொல்லும் அளவுக்குத்தான் தெரியும். சைவம். கையில் எவ்வளவு பணம் கொண்டுபோவது, போனதும் எதை முதலில் செய்வது? – கோவை வாசகி

பதில்: பாடம் நடத்துவதைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். முதல் இரண்டு மாதச் செலவைப் பற்றிக் கவலைப்படுங்கள். ஏப்ரல் மாத வேலைக்கான சம்பளத்தை மே கடைசியில் தரும் நிறுவனங்கள் உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் சம்பள நாள் எது என்று இன்றே பாருங்கள். ஆகஸ்ட் விடுமுறையில் சம்பளம் குறையுமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

வீட்டை வேலை தருபவரே ஏற்பாடு செய்தால் பாதித் தலைவலி போய்விடும். நீங்களே பிடிப்பதாக இருந்தால், நம்மூர் அட்வான்ஸ் போல ‘ஷிகிகின்’ உண்டு. அதோடு ‘ரெய்கின்’ என்று ஒன்றும் கேட்கலாம். அது வீட்டுக்காரருக்கு நன்றியாகக் கொடுப்பது, திரும்பி வராது. உங்கள் வாடகைக்கு ஜாமீன் நிற்கும் உத்தரவாத நிறுவனத்தின் கட்டணம், தரகு, முதல் மாத வாடகை எல்லாம் சேர்த்தால் நான்கைந்து மாத வாடகை ஒரே நாளில் கையை விட்டுப் போகும். வீடும் பெரும்பாலும் வெறும் கூடாக இருக்கும்: விளக்கு, திரைச்சீலை, கேஸ் அடுப்பு வரை நீங்கள்தான் வாங்க வேண்டும். என்னைக் கேட்டால், வீடு ஏற்பாடாகி இருந்தாலும் இரண்டரை லட்சம் யென்னாவது வேண்டும். இல்லையென்றால் ஐந்து லட்சம்.

போனதும் செய்ய வேண்டியவை ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். நரிதா, ஹனேடா போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போதே குடியிருப்பு அட்டை தருவார்கள். வீட்டுக்குள் போன 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அட்டையின் பின்பக்கம் அதை அச்சிட்டுத் தருவார்கள். அந்த ஒரு வரி இல்லாமல் போன் இல்லை, போன் எண் இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் சம்பளம் இல்லை. ஆறு மாதம் ஆனால்தான் கணக்கு என்று சொல்லும் வங்கிகள் உண்டு. வேலை ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அலுவலகத்திலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ‘யூச்சோ’ என்னும் அஞ்சல் வங்கியில் முதலில் முயன்று பாருங்கள். மருத்துவக் காப்பீட்டை நிறுவனம் எடுக்கவில்லை என்றால், முகவரி பதியும் அன்றே பக்கத்து கவுன்டரில் தேசியக் காப்பீட்டில் சேர்ந்துவிடுங்கள். அப்புறம் மருத்துவமனையில் கட்டணத்தில் 30 சதவீதம்தான் உங்கள் பங்கு.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல், பெயர். இன்ஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பாஸ்போர்ட்டில் போட்டிருப்போம். அங்கே கூப்பிடுவது குடும்பப் பெயரைச் சொல்லித்தான். முதல் நாள் ஆசிரியர் அறையில் என் அப்பா பெயரோடு ‘சென்செய்’ (ஆசிரியர்) சேர்த்து யாரோ கூப்பிட, நான் திரும்பியே பார்க்கவில்லை. எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, பெயரை, வெளிநாட்டுப் பெயர்களுக்கான கதகானா எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு முறை முடிவு செய்து, வங்கி, போன், காப்பீடு எல்லாவற்றிலும் ஓர் எழுத்து மாறாமல் அதையே எழுதுங்கள். நெடில் ஒலியைக் காட்டும் ஒரு கோடு விட்டுப்போனதால் என் முதல் சம்பளம் திரும்பிப் போய், பத்து நாள் கழித்துத்தான் வந்தது.

பள்ளியில் உங்களுக்கு ஒரு நாளில் பாதி வகுப்பில், பாதி ஆசிரியர் அறையில். வகுப்பை நடத்துவது ஜப்பானிய ஆசிரியர், நீங்கள் துணை. ஆகவே உங்களைப் பிடித்துப்போவதும் போகாததும் ஆசிரியர் அறையில்தான் முடிவாகும். காலையில் சத்தமாக வணக்கம். மற்றவர்கள் உட்கார்ந்திருக்க நீங்கள் கிளம்பும்போது ‘ஒசாகினி ஷிட்சுரேய் ஷிமாஸ்’, அதாவது உங்களுக்கு முன்னால் போகிறேன், மன்னியுங்கள். வெளியூர் போய் வந்தால் தனித்தனியாக உறையிட்ட தின்பண்டப் பெட்டி ஒன்று வாங்கி, மேசைக்கு ஒன்றாக வையுங்கள். மாணவர்கள் கேள்விக்கு வாயே திறக்க மாட்டார்கள். தெரியாமல் இல்லை, எல்லார் முன்னாலும் தப்பாகிவிடுமோ என்ற கூச்சம். முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லச் சொல்லுங்கள், பிறகு எழுப்பிக் கேளுங்கள்.

சாப்பாடுதான் உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். ‘நிகு’ (இறைச்சி) வேண்டாம் என்றால் மீன் வரும், ஏனென்றால் அந்தச் சொல்லில் மீன் சேராது. மீன் இல்லை என்றாலும் சூப்பில் ‘தாஷி’ இருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் இறக்கிய சாறு. குழம்பு வைக்கக் கடையில் விற்கும் மசாலாக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ உண்டு. பள்ளி மதிய உணவு வேண்டாம், டப்பா கொண்டுவருகிறேன் என்று சேரும் முன்பே எழுதிக் கேளுங்கள். மாதக் கணக்கில் பணம் வாங்குவதால் நடுவில் நிறுத்துவது சங்கடம். பருப்பு, மசாலாவை டோக்கியோவின் இந்தியக் கடைகள் கூரியரில் அனுப்பும். குக்கரை மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோங்கள்.

எந்தக் குப்பையை எந்த நாளில் போடுவது என்று சொல்லும் நாட்காட்டியை நகராட்சியில் கேட்டு வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள், பிரச்சினை வராது. குடியிருப்பு வரி முந்தைய ஆண்டு வருமானத்தை வைத்து வருவது. அதனால் முதல் ஆண்டு ஒன்றும் வராது, இரண்டாம் ஆண்டு ஜூனில் சீட்டு வந்து நிற்கும். மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

கிளம்பும் முன் மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். சளிக்கு நாம் சாதாரணமாகப் போடும் சில மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் இருக்கும். அது 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முன் அனுமதி இல்லாமல் ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்து ஒரு மாதத்துக்கு மேல் வேண்டுமென்றால் முன் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.