லீன் பதிந்தாகிவிட்டது, காசு எப்போது வரும்?

ஒன்ராறியோவில் கட்டட வேலை செய்து காசுக்காகக் காத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. லீன் என்பது வேலைக்காசு வராதபோது அந்த வீட்டுக் காணியின் மேல் பதிகிற உரிமைக் கோரிக்கை. பதில் சொல்பவர் ரொறன்ரோவில் கட்டுமான வழக்குக் கோப்புகளைப் பார்க்கும் லோ கிளார்க் (வழக்கறிஞரின் அலுவலக உதவியாளர்).

ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் முடித்துக் கொடுத்தேன். 40,000 டொலர் பாக்கி. லீன் பதிந்துவிட்டேன். "லீனை எடுங்கோ, அடுத்த கிழமை செக் தாறன்" என்கிறார் வீட்டுக்காரர். எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். ஒரு தடவை நீக்கிய லீனை மறுபடி உயிர்ப்பிக்கச் சட்டத்தில் இடமில்லை. அவர் உண்மையிலேயே தரப்போகிறார் என்றால் பாங்க் டிராஃப்ட் முதலில் உங்கள் லோயரின் கைக்கு வரட்டும். லீனை நீக்கும் பத்திரத்தை லோயர் தயாராக வைத்திருந்து அதன் பிறகு பதிவார்.

வேலை எப்போது முடிந்தது என்று நீங்கள் எழுதவே இல்லையே, அதுதான் முக்கியம். முடிந்து 60 நாளுக்குள் லீன் பதிய வேண்டும். அதற்கடுத்த 90 நாளுக்குள் சுப்பீரியர் கோர்ட்டில் வழக்குப் போட்டு, வழக்குச் சான்றிதழையும் அந்தக் காணியின் மேல் பதிய வேண்டும். மார்ச் 3இல் முடிந்த வேலைக்கு முதல் கெடு மே 2, இரண்டாவது ஜூலை 31. லீனை முதல் கிழமையே பதிந்திருந்தாலும் இரண்டாவது கெடு மாறாது. அதைத் தாண்டினால் லீன் செத்துவிடும். நான் பார்த்த கோப்புகளில் காசு போனது பெரும்பாலும் இங்கேதான். "பேசித் தீர்ப்போம்" என்று இனிக்க இனிக்கக் கதைத்தே நாளைக் கடத்திவிடுவார்கள். நீங்களும் கதையுங்கள், ஆனால் வழக்கைப் போட்டுவிட்டுக் கதையுங்கள்.

வீட்டை விற்கிற யோசனையே இல்லை, லீன் கிடந்தால் கிடக்கட்டும் என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்வது?

கட்டுமானக் கடனில் கட்டுகிற வீடா என்று பாருங்கள். லீன் ஏறியது தெரிந்தால் பாங்க் அடுத்த தவணையை நிறுத்திவிடும், அப்புறம் அவரே உங்களுக்குப் போன் எடுப்பார். கடன் இல்லாத வீடென்றால் வழக்குத்தான் வழி. வென்றால் வீட்டை விற்றுக் காசு எடுக்கக் கோர்ட் உத்தரவிடலாம். போட்ட வழக்கை இரண்டு வருடத்துக்குள் விசாரணைப் பட்டியலில் ஏற்றிவிட வேண்டும், மறக்காதீர்கள்.

கோர்ட்டில் காசு கட்டி என் லீனைக் காணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். தோற்றுவிட்டேனா?

இல்லை, உங்களுக்கு நல்லதுதான். லீன் தொகையோடு அதன் 25 சதவீதத்தையும் செலவுக்கென்று சேர்த்துக் கட்ட வேண்டும் (இந்தச் செலவுப் பங்கின் உச்சவரம்பு 250,000 டொலர்). 40,000 டொலர் லீனுக்கு 50,000 கோர்ட்டில் கிடக்கும். காணிக்குப் பதில் இனி அந்தக் காசுதான் பிணை. ஆனால் வழக்கை அதே கெடுவுக்குள் போட்டாக வேண்டும்.

கொன்ராக்டருக்குக் கீழே டிரைவால் அடித்தேன். வீட்டுக்காரரோ "அவருக்கு முழுக்காசும் கொடுத்துவிட்டேன்" என்கிறார்.

முழுதாகக் கொடுத்ததுதான் அவர் விட்ட பிழை. ஒவ்வொரு கட்டணத்திலும் 10 சதவீதத்தை ஹோல்ட்பேக் ஆகப் பிடித்து வைப்பது அவர் கடமை. 200,000 டொலர் வேலையில் 20,000. பிடிக்காவிட்டாலும் அந்த அளவுக்கு அவர் பொறுப்பு. லீன் போட்ட மற்றச் சப்-கொன்ராக்டர்களும் அதில் பங்கு கேட்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். கொன்ராக்டரையும் விடாதீர்கள். அவர் கைக்கு வந்த காசு சட்டப்படி டிரஸ்ட் காசு, அதாவது உங்களைப் போன்றவர்களுக்காக அவர் பொறுப்பில் வைத்திருக்க வேண்டிய காசு. அதை வேறு செலவுக்குத் திருப்புவதற்குத் தெரிந்தே உடன்பட்ட கொம்பனி இயக்குநர் தன் சொந்தப் பணத்திலிருந்தும் பதில் சொல்ல வேண்டி வரும்.

வட்டியையும் மன உளைச்சலையும் சேர்த்து லீன் போடலாமா?

கூடாது. வேண்டுமென்றே தொகையை ஊதினால் நட்டஈட்டை நீங்கள் கட்ட வேண்டி வரலாம்.

கதவுக் கைப்பிடி ஒன்றை மாற்றப் போனேன். 60 நாள் அன்றிலிருந்து தொடங்குமா?

மிச்ச வேலையின் மதிப்பு ஒப்பந்த விலையில் 1 சதவீதம் அல்லது 5,000 டொலர், இரண்டில் குறைந்ததைத் தாண்டாவிட்டால் வேலை ஏற்கெனவே முடிந்ததாகவே கணக்கு. 60,000 டொலர் வேலையில் அது 600. கைப்பிடி அவ்வளவு விலையா?