எடை சரி, பிரஷரும் குறைவு: வீல்சேரில் இருப்பவருக்கு இதயக் கவலை வேண்டாமா?

கேள்வி: வயது 38. மரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் டி4 (மார்புப் பகுதியின் நான்காவது) மட்டத்தில் முழுக் காயம்; அதற்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லை. ஆறு வருடமாக வீல்சேர். உயரம் 170 செ.மீ., எடை 68 கிலோ. பிரஷர் எப்போதும் 96/60. வெறும் வயிற்றில் ஷுகர் 112, டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) 210, எச்.டி.எல். (நல்ல கொழுப்பு) 29. எடையும் பிரஷரும் நன்றாக இருப்பதால் கவலை வேண்டாம் என்கிறார்கள். அப்படித்தானா?

பதில்: இல்லை. உங்கள் பி.எம்.ஐ. (உயரத்தை வைத்துப் போடும் எடைக் கணக்கு) 23.5. நடமாடுகிறவருக்கு இது எல்லையைச் சற்றே தொட்ட எடை. தண்டுவடக் காயம் பட்டவருக்கோ 22-ஐ எட்டினாலே உடல் பருமன் என்றுதான் கணக்கு. காயத்துக்குக் கீழே தசை சுருங்கி, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. தராசில் இது தெரியாது. ஷுகரைச் செலவழிக்கும் தசை குறைவதால் ஷுகரும் ஏறுகிறது. உங்கள் எடை, ஷுகர், டிரைகிளிசரைடு, எச்.டி.எல். நான்குமே எல்லை தாண்டியவை; எச்.டி.எல். மட்டும் எல்லைக்குக் கீழே. மூன்று தாண்டினாலே இதய ஆபத்து கூடும்.

63 கிலோவுக்குள் வாருங்கள். மூட்டை எடை போடும் மேடைத் தராசில் வீல்சேரோடு ஏறி, பிறகு வீல்சேர் எடையைக் கழித்தால் போதும். உங்கள் தேவை நாளுக்குச் சுமார் 1,750 கலோரிதான். சோற்றையும், டீயோடு வரும் வடை, பிஸ்கட்டையும் குறையுங்கள். முட்டை, மீன், பருப்பைக் குறைக்காதீர்கள்; புரதம் குறைந்தால் படுக்கைப் புண் ஆறாது.

வாரம் மூன்று நாள், 30 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு வீல்சேரைத் தள்ளுங்கள். நாடித் துடிப்பை நம்ப வேண்டாம். இதயத்துக்குப் போகும் நரம்புகள் உங்கள் காய மட்டத்தை ஒட்டியே கிளம்புவதால் துடிப்பு முழுதாக ஏறாமல் போகலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. காயத்துக்குக் கீழே வியர்க்காது என்பதால் உச்சி வெயிலில் வேண்டாம். வாரம் இரண்டு நாள் ரப்பர் பட்டையைப் பின்னோக்கி இழுக்கும் பயிற்சியும் தேவை. தள்ளித் தள்ளியே தேயும் தோளை அது காக்கும்.

75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஷுகர் பாருங்கள்; வெறும் வயிற்று அளவு மட்டும் பலரைத் தப்பவிட்டுவிடும். கொழுப்பு மாத்திரை தேவையா என்பதையும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மாரடைப்பு வந்தால் உங்களுக்கு நெஞ்சு வலி தெரியாமல் போகலாம். திடீர் மூச்சிரைப்பு, தாடை அல்லது கழுத்தில் வலி, காரணமில்லாத சோர்வு, குமட்டல் இருந்தால் உடனே இ.சி.ஜி. எடுங்கள்.

இனி பிரஷரின் மேல் எண்ணான அந்த 96. காயத்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கும் கட்டளையை இழந்ததால் வந்த எண் அது. இதயம் நலம் என்பதற்குச் சான்று அல்ல. அதோடு, டி6-க்கு மேல் காயம் என்பதால் சிறுநீர்ப்பை நிரம்பினாலோ மலம் கட்டினாலோ பிரஷர் திடீரென எகிறும். உங்களுக்கு மேல் எண் 125 என்பதே எச்சரிக்கை. பார்க்கிறவர் ‘நார்மல்’ என்று விட்டுவிடுவார். மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்த்தல் இதன் அடையாளம். வீட்டார் உடனே படுக்க வைப்பார்கள்; அது தவறு, பிரஷர் இன்னும் ஏறும். நிமிர்த்தி உட்கார வைத்து, கால்களைத் தொங்கவிட்டு, இடுப்புப் பட்டை, யூரின் பை வார் எல்லாவற்றையும் தளர்த்த வேண்டும். யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். டியூப் இல்லையென்றால் போட்டு சிறுநீரை வெளியேற்றுங்கள். அதற்கும் இறங்காவிட்டால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இரண்டு நாளுக்குள் வயாக்ரா வகை மாத்திரை போட்டிருந்தால் அங்கே மறைக்காதீர்கள். பிரஷர் இறக்கக் கொடுக்கும் நைட்ரேட் மருந்தோடு அது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.