வாசகர் கேள்வி–பதில்: நவூருவின் அதிபர் நாற்காலி

பசிபிக் தீவான நவூருவில் ஆட்சியை நடத்துவது அதிபரா, பிரதமரா?
– திருமங்கலம் வாசகர்

அதிபர்தான். பிரதமர் என்று தனியாக ஒருவர் இல்லை. நாட்டின் தலைவர், அரசின் தலைவர் இரண்டும் அவரே. ஆனால் அமெரிக்க அதிபர் மாதிரி மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர் அல்ல. நம் மேயரை நினைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் 100 வார்டு கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பதுபோல, அங்கே 19 எம்.பி.க்கள் கூடித் தங்களில் ஒருவரை அதிபராக்குகிறார்கள். பெரும்பாலும் எல்லோரும் சுயேச்சைகள். கொறடா உத்தரவு என்ற பேச்சே இல்லை. நாடு மொத்தமே 21 சதுர கி.மீ. தீவைச் சுற்றும் சாலை சுமார் 19 கி.மீ. பெரியார் நிலையத்தில் பஸ் ஏறி அழகர்கோவில் போய் இறங்குவதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும்.

ஓட்டு எண்ணும்போது அங்கே பின்னக் கணக்குப் போடுவார்களாமே?
– மேலூர் வாசகி

உண்மைதான். டௌடால் என்ற அதிகாரி 1971-ல் கொண்டுவந்த முறை. வேட்பாளர்கள் எல்லோருக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் எழுத வேண்டும். முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாமிடத்துக்கு அரை, மூன்றாமிடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, நான்காமிடத்துக்குக் கால்.

நான்கு பேர் போட்டி, 100 ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒருவரை 40 பேர் முதலிடத்திலும், மீதி 60 பேர் கடைசியிலும் போடுகிறார்கள்: 40 + 15 = 55. இன்னொருவருக்கு முதலிடம் 20 பேரிடம்தான், ஆனால் 80 பேர் இரண்டாமிடம் தருகிறார்கள்: 20 + 40 = 60. இவரே முந்துகிறார். ஊரில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டவர் அங்கே தேறுவது கஷ்டம்.

ஒரு பெயரை விட்டுவிட்டாலும் சீட்டு செல்லாது. நம் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் வரிசை எண்தான், ஆனால் 1 மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

அங்கே ஆட்சி ஏன் இப்படி அடிக்கடி கவிழ்கிறது?
– உசிலம்பட்டி வாசகர்

அரசியல் சாசனத்திலேயே வழி இருக்கிறது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் போதும். பாதிக்கு மேல் வேண்டியதில்லை. சபையில் 18 பேர் இருந்தபோது 9 பேர் கை தூக்கினால் அதிபர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதன் பிறகு 7 நாளுக்குள் புது அதிபர் கிடைக்காவிட்டால் நாடாளுமன்றமே கலைந்துவிடும். 2003 ஜனவரியில் ரெனே ஹாரிஸும் பெர்னார்ட் டோவியோகோவும் அந்த நாற்காலியில் சில நாள் இடைவெளியில் மாறி மாறி உட்கார்ந்தார்கள்.

2010 இன்னும் விசேஷம். ஏப்ரல் தேர்தலில் பழைய 18 பேரும் அப்படியே ஜெயித்து வர, சபை 9-க்கு 9. தன் ஆள் ஒருவரைச் சபாநாயகராகக் கொடுத்தால் ஒரு ஓட்டுக் குறையுமே என்று இரண்டு அணியும் பிடிவாதம் பிடித்தன. ஜூனில் மறுபடி தேர்தல் வைத்தும் இழுபறி தீரவில்லை. நவம்பர் 1-ல்தான் மார்கஸ் ஸ்டீபன் மீண்டும் அதிபரானார்.

அதனால் 2013-ல் ஒரு இடத்தைக் கூட்டி 19 ஆக்கினார்கள். கணக்குத் தீர்ந்ததா என்றால், இல்லை. சபாநாயகரைக் கழித்தால் மறுபடியும் 18-தானே! 2023 அக்டோபரில் அதிபர் ரஸ் குன் நீக்கப்பட்டதும், புது அதிபர் தேர்விலும் ஓட்டுகள் சமமாக நின்றன. 30-ம் தேதி, கெடு முடிவதற்குள், டேவிட் அடியாங் தேர்வானார்.

பக்கத்துத் தீவு நாடுகளிலும் இதே முறைதானா?
– சோழவந்தான் வாசகர்

இல்லை. கிரிபாட்டியில் நாடாளுமன்றம் மூன்று, நான்கு பேரை முன்மொழியும். அவர்களில் ஒருவரை மக்களே நேரடியாக அதிபராக்குவார்கள். துவாலுவில் பிரதமர், அவருக்கு மேலே பிரிட்டிஷ் மன்னரின் பிரதிநிதியாகக் கவர்னர் ஜெனரல். அது வெறும் அலங்காரப் பதவி என்று நினைத்துவிட வேண்டாம். சபையைக் கூட்டாமல் காலம் கடத்திய பிரதமர் வில்லி டெலாவியை 2013 ஆகஸ்ட் 1-ல் பதவியிலிருந்து இறக்கியவர் அவர்தான்.